காலண்டரில் வந்த லாரி

சிவகாசி,
ஆடி 18

அன்புள்ள மச்சானுக்கு,

பானுப்பிரியா எழுதிக்கொள்வது. நானும் நம் மகள் இசைவாணியும் சுகம். உங்கள் சுகத்தைத் தினமும் போனில் கேட்கிறேன், ஆனால் அது "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்" என்பதைத் தாண்டிப் போவதில்லை. காளியம்மன் புண்ணியத்தில் இடுப்பு வலி இல்லாமல், குஜராத் வெயிலில் கண் எரியாமல் இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிக்காதீர்கள். போனில் பேசினால் வண்டிச் சத்தத்தில் பாதி உங்களுக்குக் கேட்காது. மீதிப் பாதியில் எனக்குக் கோபம் வந்துவிடும். எழுதினால் நானே ஒருமுறை படித்துப் பார்த்து, உறைக்கிற இடத்தை அடித்துவிடலாம். இரண்டு இடத்தில் அடித்திருக்கிறேன். அங்கே என்ன இருந்தது என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டாம்.

போன வாரம் நீங்கள் சொன்னதற்கு நான் பதில் சொல்லவில்லை. சம்பள வேலையை விட்டுவிட்டு, அதே கம்பெனியிடம் ஒரு டிரெய்லரை ஐந்து வருஷ லீசுக்கு எடுக்கப் போவதாகவும், தவணை முடிந்தால் வண்டி நமக்கே சொந்தம் என்றும் சொன்னீர்கள். மாதக் கடைசியில் கையெழுத்து, முன்பணத்துக்கு நான் காலண்டர் சீசனுக்காக ஒதுக்கி வைத்திருக்கும் பணத்தைக் கொடுத்து உதவ வேண்டும் என்றீர்கள். அந்தப் பணம் எதற்கென்று உங்களுக்குத் தெரியும். பிரஸ்களில் வெட்டி விழுகிற தாளை வருஷம் முழுவதும் எனக்கே தருவதற்கு முன்கூட்டிக் கொடுக்கிற அட்வான்ஸ் அது. அதைக் கொடுக்காவிட்டால் இந்த சீசன் கட்டிங் வேறொருவர் குடோனுக்குப் போய்விடும். தெரிந்தும் கேட்டீர்கள் என்றால் மனதில் எவ்வளவு ஆசை இருக்க வேண்டும் என்று எனக்குப் புரிந்தது. அதனால்தான் உடனே "முடியாது" என்று சொல்ல வாய் வரவில்லை.

முதலில் இங்கத்திய செய்தி. உங்கள் அக்கா பேத்திக்குக் காதுகுத்து நல்லபடியாக நடந்தது. மொய் செய்துவிட்டேன். சாப்பாட்டுப் பந்தியில் உங்கள் அக்கா வீட்டுக்காரர் தனுஷ்கோடி அண்ணன், நாலு பேர் காதில் விழட்டும் என்றே, "என்ன தங்கச்சி, காலண்டர் வந்து ஏழு மாசமாச்சு, லாரி இன்னும் வந்து சேரலையே. வழியில பஞ்சராயிருச்சோ?" என்று கேட்டார். இலையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் விடுவேனா? "ஆமாண்ணே, பஞ்சர்தேன். ஒட்டி முடிக்கிற வரைக்கும் தெனம் ஒரு தாளா கிழிச்சுக்கிட்டே இருங்க, பொழுது போகும்" என்றேன். சிரிப்பு அவர் பக்கம் திரும்பிவிட்டது. அக்கா வந்து எனக்கு இன்னொரு வடை வைத்துவிட்டுப் போனார்கள்.

அந்தக் காலண்டரைப் பற்றி நாம் இதுவரை நேராகப் பேசியதே இல்லை. மற்ற ஊரில் லாரி வாங்கிவிட்டுப் பூஜை போடுவார்கள். நம் ஊரில் பிறந்த பாவம், உங்களுக்குக் காலண்டர் முதலில் வந்துவிட்டது. கம்பெனியில் லீசு தரப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்ட உடனே, மார்கழி லீவில் வந்த நீங்கள் என்னிடம் மூச்சு விடாமல், உங்கள் சித்தி மகன் பாண்டிமுருகன் வேலை செய்கிற பிரஸ்ஸில் அடித்துவிட்டீர்கள். 'இசைவாணி டிரான்ஸ்போர்ட், உரிமையாளர் ப. காளீஸ்வரன்.' நடுவில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு லாரி, அதன் நெற்றியில் நம் பிள்ளையின் பெயர். பாண்டிமுருகன் கம்ப்யூட்டரில் முதலில் அகப்பட்ட படத்தைப் போட்டிருக்கிறான். அது அமெரிக்கா லாரி. அந்த நீள மூக்கை வைத்துக்கொண்டு நம் தெரு முக்கில் திரும்பவே முடியாது.

நீங்கள் அதை வீடு வீடாகக் கொடுத்துவிட்டு ரயில் ஏறிய பிறகுதான் எனக்குத் தெரியும். தெரிந்த அன்று திட்டினேன். மறுநாள் ஒன்றை எடுத்துப் போய் என் குடோனில், எடை மெஷினுக்கு மேலே ஆணியடித்து மாட்டினேன். ஊர்ப்பட்ட காலண்டர் தாளை மூட்டை கட்டிப் பிழைக்கிறவள் நான். என் வீட்டுக்காரர் பெயர் போட்ட காலண்டரை அன்றுதான் பார்த்தேன். இதை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

சரி, லீசுக்கு வருகிறேன். நான் கேள்விப்பட்டதை வைத்து முடிவு செய்கிற ஆள் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். சாத்தூரில் ஊர்க்காவலன் என்று ஒரு தம்பி, இதே மாதிரி வேறொரு கம்பெனியில் லீசு வண்டி ஓட்டிவிட்டு வந்திருக்கிறான் என்றார்கள். பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். இந்தப் பார்சலில் இருக்கிற காராச்சேவு அங்கே வாங்கியதுதான், மிளகு கூடப் போட்டது.

அந்தத் தம்பி ஒளிவுமறைவு இல்லாமல் பேசினான். "மொத சீசன்ல ராசா மாதிரி இருந்தேங்க்கா. சம்பளக்காரன் வாங்குறதுல ரெண்டு பங்கு பாத்தேன்" என்றான். அதையும் உங்களிடம் மறைக்கவில்லை. பிறகு லோடு குறைந்திருக்கிறது. கம்பெனி தன் சொந்த வண்டிகளுக்கு முதலில் லோடு கொடுத்துவிட்டு, மிச்சத்தை லீசுக்காரர்களுக்குக் கொடுத்திருக்கிறது. வெளியில் லோடு எடுக்கவும் அனுமதி இல்லை. வண்டி நின்றாலும் மாசத் தவணை நிற்கவில்லை. "வண்டி அவுகளுது, லோடும் அவுகளுது. தேயிற டயரு மட்டுந்தேன் நம்முதுக்கா" என்றான். கடைசியில் கட்ட முடியாமல் வண்டியை விட்டுவிட்டு வந்திருக்கிறான். அதுவரை கட்டியதெல்லாம் வாடகைக் கணக்கில் போய்விட்டது. இப்போது மறுபடியும் சம்பளத்துக்குத்தான் ஓட்டுகிறான்.

நான் கிளம்பும்போது, வண்டியில் பெயர் எழுதியிருந்தாயா தம்பி என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. "பேரா? கண்ணு படாம இருக்க முன்னாடி ஒரு எலுமிச்சம்பழம் கட்டுனேன். அதையே அவுக்கச் சொல்லிப்புட்டாகக்கா" என்றான்.

வீட்டுக்கு வந்து, நீங்கள் போனில் அனுப்பிய உங்கள் கம்பெனி ஒப்பந்தத்தை இசைவாணியைப் படித்துச் சொல்லச் சொன்னேன். காலேஜில் படிக்கிற பிள்ளை, நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னாள். தவணை முடிகிறவரை வண்டி கம்பெனியுடையது, லோடு அவர்கள் தருவதுதான், ரிப்பேர் நம் செலவு. எல்லாம் ஊர்க்காவலன் சொன்னதுதான். வண்டிமேல் எதுவும் எழுதவோ ஒட்டவோ கூடாது என்பதும் இருந்தது. அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, "அப்ப என் பேரு வராதாம்மா?" என்றாள். உடனே அவளே சிரித்து, "அதான் அப்பா காலண்டர்ல போட்டுட்டாகளே" என்றாள். உங்கள் மகள் உங்களை விட்டுக்கொடுக்க மாட்டாள்.

நீங்கள் ஒன்று கேட்கலாம். தன் குடோனில் மாசச் சம்பளத்துக்குக் கணக்கெழுத வா என்று பெரிய பிரஸ்காரர் கூப்பிட்டபோது நீ போகவில்லையே, உனக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா என்று. நியாயமான கேள்விதான். ஆனால் அன்றைக்கு என் கையில் சரக்கு இருந்தது. ஒருவர் வாங்காவிட்டால் இன்னொருவரிடம் போய் விற்க என்னால் முடிந்தது. வெடிக்குழாய் சுருட்டுகிற விஸ்வநத்தத்துக்காரர்கள் வேண்டாம் என்றால் பேப்பர் மில்லுக்கு ஏற்றினேன். லோடு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் முதலாளி மச்சான். லாரி வைத்திருக்கிறவர் இல்லை. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, மூட்டை தூக்கித் தெரிந்துகொண்டேன்.

இன்னொன்றும் உண்டு. இந்த வியாபாரத்தில் நான் துணிந்து இறங்கியதற்குக் காரணம் என் சாமர்த்தியம் என்று ஊர் சொல்கிறது. நானும் சிரித்துக்கொண்டு கேட்டுக்கொள்கிறேன். உள்ளது நமக்குத்தான் தெரியும். நாம் இரண்டு பேரும் விஸ்வநத்தத்தில் பட்டாசு ஆபீஸ் வேனில் வெடி வேலைக்குப் போய் வந்தவர்கள். நீங்கள்தான் முதலில் அந்த வேனை விட்டு இறங்கி, வண்டி ஓட்டப் படித்து, வெளியூர் போனீர்கள். முதல் சம்பளம் வந்ததும், நீ இனி வெடிமருந்துப் பக்கம் போகாதே என்றீர்கள். மாசம் பிறந்தால் உங்கள் பணம் வரும் என்கிற தைரியத்தில்தான் பழைய மொபெட்டில் சாக்கைக் கட்டிக்கொண்டு பிரஸ் பிரஸ்ஸாக ஏறினேன். ஒரு கால் ஊன்றி நின்றால்தான் இன்னொரு காலை எடுத்து வைக்க முடியும். ஊன்றி நின்ற கால் நீங்கள். இரண்டு காலையும் ஒரே நேரத்தில் தூக்கினால் குடும்பம் எங்கே நிற்கும்?

கம்பெனி டிரைவர் என்று சொல்லும்போது உங்கள் குரல் இறங்கிப்போகிறது. எனக்கு இறங்குவதில்லை. போன மழையில் பெல்காம் பக்கம் மலைப்பாதையில் கியர்பாக்ஸ் போய், ரொம்ப நாள் லோடை விட்டு நகராமல் காவல் இருந்தீர்களே, அப்போது உங்கள் மேனேஜர் வீட்டுக்கே போன் செய்தார். அவர் இந்தி எனக்கு விளங்கவில்லை. இசைவாணிதான் அரைகுறை இங்கிலீஷில் பேசினாள். உங்கள் அப்பா வண்டி என்றால் நாங்கள் கவலைப்படுவதே இல்லை என்று சொன்னாராம். அதை நான் எத்தனை பிரஸ்ஸில் சொல்லியிருப்பேன் தெரியுமா! கேட்ட ஆளிடமே திரும்பச் சொல்லி, "போன வாரமே சொல்லிட்டீகக்கா" என்று வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அதே வண்டி லீசு வண்டியாக இருந்திருந்தால் அந்த மலையில் நீங்கள் மழைக்கு மட்டுமா பயந்திருப்பீர்கள்? தவணைக்கும் பயந்திருப்பீர்கள்.

சொந்த வண்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இப்போது என் கட்டிங் வாரத்துக்கு ஒரு லோடு மில்லுக்குப் போகிறது, வாடகை லாரியில். இன்னொரு மில்லும் பேசிக்கொண்டிருக்கிறது. அது படிந்து, திரும்பி வரும்போதும் லோடு அமைந்தால், ஒரு பழைய லாரி வாங்கி ஓட்டுகிற அளவுக்கு வேலை இருக்கும். அதற்கு இரண்டு சீசன் ஆகலாம், படியாமலும் போகலாம். சத்தியம் செய்ய மாட்டேன், நான் வியாபாரி. ஆனால் அந்த லாரி வந்தால் அதன் நெற்றியில் என்ன எழுத வேண்டும் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. பெண்டாட்டி லோடை ஏற்றுகிறான் என்று தனுஷ்கோடி அண்ணன் சொல்வார். சொல்லட்டும். அவருக்கு நான் இருக்கிறேன்.

இன்று ஆடிப்பெருக்கு. அடுத்த வருஷக் காலண்டருக்கு மாதிரி ஆல்பம் போட்டுவிட்டார்கள், ஊரெல்லாம் மை வாசம். காலையில் பாண்டிமுருகன் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "மதினி, அண்ணனுக்கு அதே டிசைன்தானே? இந்தத் தடவ மூக்கு இல்லாத லாரியாப் பாத்துப் போட்டுருவோம்" என்றான். நான் வேறு ஆர்டர் கொடுத்துவிட்டேன். இத்தனை வருஷம் அடுத்தவர் காலண்டரின் ஓரத்தாளில் பிழைத்தேன், இந்த வருஷம் என் கடை பெயரில் ஒன்று அடிக்கிறேன். சாமி படம் வேண்டாம், குழந்தை படம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "பின்ன யார் படம் மதினி?" என்று விழித்தான். அண்ணனிடமிருந்து வரும், இடத்தைக் காலியாக விடு என்றேன்.

மாட்டிய காலண்டருக்காகக் கையெழுத்துப் போடாதீர்கள் மச்சான். காலண்டர் டிசம்பரோடு தீர்ந்துவிடும். ஒப்பந்தம் ஐந்து வருஷம் தொங்கும். இவ்வளவுக்குப் பிறகும் எடுக்கத்தான் வேண்டும் என்று உங்கள் மனம் சொன்னால், பணத்தை அனுப்புகிறேன். நான் மொபெட்டில் சாக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பியபோது நீங்கள் ஒரு கேள்வி கேட்கவில்லை. அதை மறந்துவிட்டு நான் பேச முடியாது. ஆனால் யோசித்துச் சொல்லுங்கள்.

எது எப்படியோ, எனக்கு ஒரு படம் வேண்டும். நீங்கள் ஓட்டுகிற வண்டிக்கு முன்னால், கம்பெனிச் சட்டை போட்டு, பித்தானை ஒழுங்காக மாட்டிக்கொண்டு நில்லுங்கள். பின்னால் கம்பெனிப் பெயர் தெரிந்தால் தெரியட்டும். கீழே 'ப. காளீஸ்வரன், ஓட்டுநர்' என்று பெரிய எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன். தனுஷ்கோடி அண்ணன் வீட்டுக்கு நானே கொண்டுபோய், பழைய ஆணியிலேயே மாட்டிவிட்டு வருவேன்.

தீபாவளிக்குள் படம் வந்துவிட வேண்டும் என்கிறான் பாண்டிமுருகன். போனில் எடுத்தால் அச்சில் முகம் தெளிவாக விழாதாம். இந்தப் பக்கம் லோடு வந்தால் வண்டியோடு நேரில் வந்து எடுப்பது நல்லதாம். அவன் சொன்னதைச் சொல்கிறேன்.

காராச்சேவை நமுத்துப்போக விடாமல் டப்பாவில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாதை காக்கும் காளியம்மன் உங்கள் கையோடும் கண்ணோடும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் காலண்டருக்கு ஆணி அடித்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்
பானுப்பிரியா