தேர் வாரத்தில் மாடி ஆபீஸ்

வைகாசி 10, திங்கள்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. கருட சேவைக்கு வந்த கூட்டம் இன்னும் தெருவில். குச்சு கட்ட வேண்டிய சேலை மூன்று. அரக்குக் கலர் மட்டும் முடிந்தது.

காலையில் மாடிக்கு இன்னொரு பெட்டி. கொழுந்தன் சரவணனுக்கு. (இனிமேல் ச. முழுப் பேர் எழுதக் கை வலிக்கிறது.) சென்னைக் கம்பெனியை விட்டுவிட்டு மூன்று மாதமாக நம் மாடி அறையில் உட்கார்ந்து, வெளிநாட்டுக்காரனுக்குக் கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கொடுக்கிறான். ஃப்ரீலான்ஸாம். நானும் பதினெட்டு வருஷமாக வீட்டில் உட்கார்ந்துதான் முந்தானைக்குக் குச்சு கட்டுகிறேன். ஆர்டர் வாட்ஸப்பில்தான் வருகிறது. எனக்கு யாரும் அப்படிப் பேர் வைக்கவில்லை.

பெட்டிக்குள் நாற்காலி. இடுப்புக்கு நல்லதாம். ஒரு பிடியை இழுத்தால் இறங்குகிறது, இன்னொன்றை இழுத்தால் மல்லாக்கச் சாய்க்கிறது. சாயங்காலம் போய்ப் பார்த்தேன். அதன் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். அதற்குப் பாய் போதுமே.

வைகாசி 11, செவ்வாய்

மாடி பெருக்கப் போனபோது எண்ணினேன். ச.வின் சாமான்:

கம்ப்யூட்டரைத் தூக்கி நிறுத்த ஒரு ஸ்டாண்ட். அது கழுத்துக்கு.

வட்ட லைட். போட்டால் முகத்தைச் சுற்றித் திருவாசி. தீபாராதனை ஒன்றுதான் குறை.

காபி ஆறாமல் இருக்க, ஒயர் வைத்த தட்டு. (காபியைக் குடித்துவிட்டால் ஆறாது. யாராவது சொல்லுங்கள்.)

தக்காளி மாதிரி கடிகாரம். இருபத்தைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை மணி. வேலை செய்ய ஒரு மணி, நிறுத்த ஒரு மணி. பள்ளிக்கூடத்தை நான் அஞ்சாவதோடு விட்டேன், இவன் கூடவே கொண்டு வந்துவிட்டான்.

கரண்ட் போனால் ஓட ஒரு பேட்டரிப் பெட்டி.

காதுக்கு ஒரு மூடி. போட்டுக்கொண்டால் உலகமே கேட்காதாம்.

என் சாமான்: கத்தரி, சீப்பு, தேய்ந்த பல் பிரஷ், சேலையை இழுத்துப் பிடிக்க ஒரு குழவிக்கல். குழவிக்கு சார்ஜ் போட வேண்டியதில்லை.

மாடி அறை மட்டும் என் கையில் இருந்தால் இன்னும் இரண்டு பேரை உட்கார வைத்துக் குச்சு கட்டலாம். நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

வைகாசி 12, புதன்

ஒரு புது விளையாட்டு. காதுமூடியோடு இருக்கும்போது எதிரே நின்று எதையாவது சொல்வது. திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் தலையாட்டுவான். இன்று சொன்னவை: உன் மூஞ்சி வெந்த சேப்பங்கிழங்கு. தலையாட்டினான். உனக்குப் பொண்ணு கொடுக்கிறவன் கண் டாக்டரைப் பார்க்கணும். தலையாட்டி, கட்டை விரலையும் காட்டினான். கீழே வந்து இவரிடம் சொல்லிச் சிரித்ததில் சோறு புரையேறியது. இவர் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குத் தம்பிக்கு ஏதோ பெரிய மீட்டிங், தவறினால் திரும்பச் சென்னைக்கே போகவேண்டியதுதான் என்றார்.

சாயங்காலம் கேபிள்காரர் சொல்லிவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை தேர். நம் தெருவைத் தாண்டும் ஒயர் எல்லாம் கழற்றிவிடுவார்கள். கரண்ட், டிவி, நெட், எதுவும் சாயங்காலம் வரை கிடையாது.

மேலே போய்ச் சொன்னேன். ஒழுங்காகத்தான் சொன்னேன். காதுமூடி இருந்தது. தலையாட்டினான்.

வைகாசி 13, வியாழன்

மஞ்சள் சேலை முடிந்தது. ஆட்டோவில் மைக் கட்டி நாளைக்கு ஒயர் கழற்றுவதைச் சொல்லிக்கொண்டே மூன்று முறை போனார்கள். ச. காதுமூடியோடு.

கரண்ட் போகும் என்று அவனுக்குத் தெரியும், இந்த ஊரில் பிறந்தவன்தானே. அதற்குத்தான் பேட்டரி. நெட் ஒயரையும் கழற்றுவார்கள் என்று தெரியாது. அவன் இங்கே இருந்த காலத்தில் அந்த ஒயரே இல்லை.

இன்னொரு தடவை மாடி ஏறலாமா என்று யோசித்தேன். சொன்னேன், தலையாட்டினான், நமக்கென்ன. முட்டி வலி வேறு.

முட்டி வலி இல்லை. அந்த அறை.

வைகாசி 14, வெள்ளி

தேர் நன்றாக ஓடியது. மோர் இரண்டு அண்டா கொடுத்தோம்.

பன்னிரண்டரைக்கு ச. படியில் வந்து நின்றான். காதில் ஒன்றும் இல்லை. முகம் வெளுத்து.

"அண்ணி, நெட்டு இல்ல. போன்லயும் டவர் சுத்திக்கினே இருக்குது. ஒயர கழட்டுவாங்கன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லவே இல்லியே."

"சொன்னேன்பா. புதன்கெழம. தலையாட்டின."

"அப்ப காதுல அது இருந்திச்சா?"

இருந்தது என்றேன். திட்டியிருந்தால் நானும் நாலு திட்டியிருப்பேன். படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

மொபெட்டை எடுத்தேன். திருப்புட்குழியில் என் தங்கை வீடு, கூட்டம் இல்லாத ஊர், டவர் நன்றாக எடுக்கும். வட்ட லைட்டை எடுத்துக்கொள்ளலாமா என்றான். மடியில் நாற்காலியையும் வைத்துக்கொள், போகலாம் என்றேன். கம்ப்யூட்டர் மட்டும் வந்தது. அவசரத்தில் காதுமூடி மேஜையிலேயே.

ஒன்றே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆபீஸ்: கவிழ்த்த அண்டா, அதன் மேல் முறம், முறத்தின் மேல் கம்ப்யூட்டர். போன் வழியாக நெட். வெளிச்சத்துக்கு ஜன்னல். உட்காரப் பாய்.

நான் வாசலில் கோழி விரட்டினேன். ஒரு மணி நேரம் அவன் பேசியது எல்லாம் காதில் விழுந்தது. இங்கிலீஷ், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அந்தக் குரலை வீட்டில் கேட்டதே இல்லை. கெஞ்சவும் இல்லை, குழறவும் இல்லை. நடுவில் சேவல் கூவிவிட்டது. வெளிநாட்டுக்காரன் ஏதோ கேட்டான். ச. என் பக்கம் பார்த்துக்கொண்டே "மை டீம்" என்றான். அது விளங்கியது.

வரும் வழியில் முட்டி நிஜமாகவே வலி.

வைகாசி 15, சனி

ஒயர் மாட்டியாயிற்று. பச்சைச் சேலை பாதி.

பத்து மணிக்கு ச. கீழே வந்து, வேலை கொடுத்துவிட்டார்கள் என்று இவரிடம் சொன்னான். ஒரு வருஷம் என்று இருந்தது, இப்போதைக்கு ஆறு மாதம். மாடி அறை போச்சு. தலையாட்டினேன்.

காபி கொண்டு போனேன். தக்காளி அடித்துக்கொண்டிருந்தது, காதுமூடி காதில். எதிரே நின்று, ராத்திரியே யோசித்து வைத்திருந்த ஒன்றைச் சொல்ல வாயைத் திறந்தேன். கழற்றிவிட்டான். இரண்டு காதிலிருந்தும்.

"சொல்லுங்க அண்ணி."

காபி ஆறிடும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.