வெறுங்காணி என்று கீறிய பக்கம்

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ ரயில் ஸ்ரேசனில் தண்டவாளத்தின் பழைய சிலிப்பர் கட்டைகளைக் கழற்றி அடுக்கியிருக்கிறார்கள். நேற்று வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற ரயிலுக்கு, நம் பேச்சில் கோச்சிக்கு, நின்றபோது வெயிலில் அவற்றின் தார் மணம் மூக்கில் ஏறியது. நீ இருந்திருந்தால் கிட்டப் போய் முகர்ந்து, "எங்கட வீட்டு மணமடி" என்றிருப்பாய். எனக்கு அது தலையிடிதான். ஆனாலும் விலகிப் போக மனம் வரவில்லை.

நம்முடையது கோச்சியால் உண்டான ஊர். தண்டவாளம் வரும்வரை அங்கே பற்றையும் பனையும்தான். பிறகுதான் புகையிலையும் வெங்காயமும் ஏற்ற ஆட்கள் வந்தார்கள், தேத்தண்ணிக் கடை வந்தது, சந்தை வந்தது. தண்டவாளத்துக்கு வடக்கே நாங்கள். தெற்கே ரயில்வே லைன் வீடுகள். பாதை பார்த்த தொழிலாளர்களும், ரயில் கடவையில் கேற் பூட்டித் திறந்த உன் அப்பாவும் அங்கேதான் இருந்தார்கள். ஒரே வகுப்பில் படித்தும் நாம் சிநேகிதிகளானது மொன்றியலில், காற்சட்டை தைக்கும் தொழிற்சாலையில். உனக்குத் தெரிந்த பிரெஞ்சு பொன்ஜூர், மெர்சி, பிறகு மாட்டேன் என்கிற நொன். மூன்றாவதைத்தான் மேற்பார்வையாளர் அதிகம் கேட்டார்.

இங்குள்ள நம் ஊர்ச் சங்கம் நினைவு மலர் போட முடிவெடுத்த கூட்டம் நினைவிருக்கிறதா? தலைவர் அண்ணை ஊரின் வரலாற்றை வாசித்தார். கோயில், பள்ளிக்கூடம், கோடேறி வழக்காடிய அப்புக்காத்துமார் என்று போனது. பிறகு வரைபடத்தைக் காட்டினார். தண்டவாளத்துக்குத் தெற்கே ஒன்றுமில்லை. "வெறுங்காணி" என்று மட்டும் எழுதியிருந்தது. நீ எழும்பினாய்.

"அப்ப நான் வெறுங்காணியிலயோ அண்ணை பிறந்தனான்?"

ஆரோ தேத்தண்ணி ஆறுது என்றார்கள். திரும்பும்போது பஸ்ஸில், "மறந்திருப்பினம், விடடி" என்று உன்னைச் சமாதானப்படுத்தினேன். "மறதியெண்டால் ஒரு பக்கம் மட்டும் மறக்குமோ?" என்றாய்.

போன பனிக்காலம் நீ கண்ணை மூடிவிட்டாய். மலரை எழுத்துக் கோக்கும் வேலை என்னிடம் வந்தது. வரைபடம் அப்படியே இருந்தது. தலைவர் அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"அவவும் போயிட்டா. இனி ஆரோட சண்டை, தங்கச்சி?"

"நான் இருக்கிறன்தானே அண்ணை. அந்தப் பக்கம் வராமல் மலர் வராது."

அவர் அடுத்ததைச் சொல்லமுன் போனை வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மெற்றோ ஏறி ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் லொங்குய்ய் போனேன். உங்கள் லைனில் இருந்த அக்காவும் தம்பியும் அங்கே இருக்கிறார்கள். "எங்களை ஒருத்தரும் கேக்கேல்லையே" என்றார் அக்கா. மேசையில் கோப்பைகளை வரிசையாக வைத்து எந்த வீடு யாருடையது என்று காட்டினார்கள். இடையிடையே இருவருக்கும் சண்டை வேறு. கடவையோடு ஒட்டியிருந்த உன் வீட்டுக்குச் சீனிப் போத்தலை வைத்தார்கள். எல்லாவற்றையும் வரைபடத்தில் கீறிக்கொண்டு வந்தேன்.

தலைவர் அண்ணை பார்க்க வந்தார். முகத்தில் சந்தோஷமில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரைபடத்தில் விரலை வைத்தார்.

"இதிலை ஒரு கிணறு இருந்தது. நல்ல தண்ணி. கோச்சி பிந்தினால் அங்கை போய்த்தான் குடிக்கிறனாங்கள். அதையும் போடும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறக்கவில்லை அவர்கள். தண்ணீரின் ருசிகூட நினைவிருக்கிறது. வார்த்துக் கொடுத்தவர்களைத்தான் வெறுங்காணியாக்கினார்கள். கிணற்றைக் கீறினேன். கடவைக்குப் பக்கத்தில் உன் அப்பாவின் பெயரை முழுதாக எழுதினேன். மலரின் முதல் வரியையும் அவர் முன்னாலேயே மாற்றினேன்: தண்டவாளம் போட வந்தவர்களால் உண்டான ஊர் இது. அவர் அதை வாசித்து முடித்துவிட்டு எழும்பிப் போனார்.

நீ விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது உன் கோபம் ஒன்றுதான். முன்பு அதற்குப் பயப்படுவேன். இப்போது ஆறவிடாமல் வைத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு லொங்குய்ய் அக்காவையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் இருக்கப்போகிறேன்.