பதினேழாம் நோட்டையும் என்னையும் சேர்த்தே அழைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
முன்னாள் சுருக்கெழுத்தர்,
செயலாளர் அறை, அரசுக் கட்டடத் துறை.
(இருபத்தெட்டு ஆண்டுகள் பணி, சென்ற மாதம் ஓய்வு.)

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
மருத்துவமனைக் கூரை விபத்து குறித்த சட்டமன்ற விசாரணைக் குழு.

பொருள்: எனக்கு அழைப்பாணை அனுப்பவும், முன்னாள் செயலாளரை அதே நாளில் மீண்டும் வரவழைக்கவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் அழைப்பாணைக்குக் கட்டுப்பட்டு எங்கள் துறையின் முன்னாள் செயலாளர் சென்ற செவ்வாய்க்கிழமை சாட்சியம் அளித்ததை வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தேன். பதினான்கு கட்டுக் கோப்புகளைக் கொண்டுவந்து மேசையில் அடுக்கினார். கேட்டதற்கெல்லாம் எழுந்து நின்று பதில் சொன்னார். முழு ஒத்துழைப்பு அளித்தமைக்காகத் தாங்கள் அவருக்கு நன்றி கூறினீர்கள். அந்த நன்றியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அவர் கொண்டுவந்தது கோப்பில் இருப்பதை. அவர் வேலை பார்த்தது கோப்புக்கு வெளியே.

2. அன்று அவர் சொன்னதை அப்படியே குறித்துக்கொண்டேன், பழக்கம் விடவில்லை. "அந்த ஜூனியர் எஞ்சினியர் ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தா போதும், நானே போய் அந்த வார்டைப் பூட்டியிருப்பேன்" என்றார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உறுப்பினர்கள் சிலர் நெகிழ்ந்து போனதாகத் தெரிந்தது. ஒன்பது ஆண்டுகள் அவர் எதிரில் உட்கார்ந்தவள் நான். பொய் சொன்னவுடன் அவருக்குக் கண்ணாடி அழுக்காகிவிடும்.

3. அந்த இளநிலைப் பொறியாளர் என் கணவர். குழந்தைகள் வார்டின் கூரையில் விரிசல் கண்டு, திறப்பு விழாவை நிறுத்தக் கோரி மூன்று பக்க அறிக்கை எழுதினார். விழா நடந்தது. பத்தொன்பதாம் நாள் கூரை விழுந்து இரண்டு குழந்தைகளும் ஒரு செவிலியரும் இறந்தார்கள். அப்படி ஓர் அறிக்கை வரவே இல்லை என்று துறை கைவிரித்தது. கடமை தவறியதாக அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஆறு ஆண்டுகளாக எங்கள் தெருவில் அவருக்கு 'கூரை எஞ்சினியர்' என்று பெயர். முடிவெட்டக்கூடப் பேருந்து ஏறி வேறு பகுதிக்குப் போகிறார். "கையால கொடுத்தேன்மா, நான் கையால கொடுத்தேன்" என்று சாப்பிடும்போது திடீரென்று சொல்வார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

4. முன்னாள் செயலாளர் வேலை செய்த முறையைக் குழு அறிய வேண்டும். முறையைச் சொல்வது ரகசியத்தை மீறுவதாகாது என்று நம்புகிறேன். வில்லங்கமான கடிதம் என்றால் கோப்பில் எழுத மாட்டார். என்னை அழைத்து, நடந்துகொண்டே சொல்வார். நான் சுருக்கெழுத்தில் எடுத்து, ஒரே பிரதி தட்டச்சு செய்து அவர் கையில் கொடுக்க வேண்டும். கணினியில் சேமிக்கக் கூடாது. அதன் பின், "அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் போட்டுடுங்கம்மா" என்பார். நான் நோட்டிலிருந்து பக்கத்தைக் கிழித்துத் தாள் அரைக்கும் இயந்திரத்தில் விடுவதைக் கடைசித் துணுக்கு விழும் வரை நின்று பார்ப்பார்.

5. அவ்வளவு கவனமான மனிதர் ஒன்றை மட்டும் மறந்துவிட்டார். அவருக்குச் சுருக்கெழுத்து படிக்கத் தெரியாது. விழாவுக்கு முந்தைய நாள் காலை அவர் சொன்ன பதினொரு வரிகளைத் தட்டச்சு செய்து கொடுத்தேன். வழக்கம்போல் கிழிக்கச் சொன்னார். கிழித்தேன். நான் கிழித்தது வேறு பக்கம். அவர் வீட்டு விருந்தினர் அறைக்குத் திரைச்சீலை தைக்கச் சொல்லும், நான் இன்னும் தட்டச்சு செய்யாத கடிதம் அதில் இருந்தது. திரைச்சீலை ஏன் வரவில்லை என்று பிறகு இரண்டு மாதம் என்னைக் குடைந்தார். பதினொரு வரிகள் என் பதினேழாம் நோட்டில் பத்திரமாக இருக்கின்றன.

6. அவற்றில் என்ன இருக்கிறது என்பதை நான் இங்கே எழுதவில்லை. அலுவல் ரகசியத்தை ஓய்வு பெற்றவரும் தாமாக வெளியிடுவது குற்றம். அழைப்பாணையின் பேரில் சொல்வது கடமை. அவரை ஒரு தாள் பிடித்து இழுக்கும்போது என் பக்கம் ஒரு தவறும் இருக்கக் கூடாது. என்னிடம் கேட்க வேண்டிய கேள்வியை மட்டும் தருகிறேன்: வரவே வராத ஓர் அறிக்கையின் எண்ணும் தேதியும் அந்தப் பக்கத்தில் எப்படி வந்தன?

7. நோட்டை மட்டும் கேட்டு வாங்கிப் பயனில்லை. இருபத்தெட்டு ஆண்டுகளில் என் சுருக்கெழுத்து எனக்கு மட்டுமே விளங்கும் கிறுக்கலாகிவிட்டது. ஆகவே கோருவது:

(அ) நோட்டுடன் நான் நேரில் வர அழைப்பாணை வேண்டும். விசாரணை ஒளிபரப்பாக வேண்டும்.

(ஆ) அன்று முன்னாள் செயலாளர் என் எதிரில் உட்கார வேண்டும். நெஞ்சுவலிச் சான்றிதழ் வந்தால் அவர் குணமாகும் வரை ஒத்திவையுங்கள். நான் காத்திருப்பேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் வாசிப்பேன், மெதுவாக வாசிப்பேன்.

(இ) எனக்குப் பாதுகாப்போ சலுகையோ வேண்டாம். ஆறு ஆண்டுகள் ஏன் வாய் திறக்கவில்லை என்று என்னையும் கேளுங்கள். என் கணவர் நீக்கப்பட்ட வாரம் முன்னாள் செயலாளர் என்னை அழைத்து, "வீட்ல ஒரு சம்பளம் போயிடுச்சு, இன்னொண்ணும் போகணுமாம்மா?" என்றார். எனக்கு அப்போது பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள். பயந்தேன். அந்தப் பயத்தை எனக்குக் கொடுத்தவரை நான் மன்னிப்பதாக இல்லை.

8. கடைசியாக ஒன்று. அந்த வரிகளை எடுத்தவள் நான் என்பது என் கணவருக்குத் தெரியாது. அவர் தட்டில் சோறு போட்டுக்கொண்டே ஆறு ஆண்டுகள் மறைத்திருக்கிறேன். அழைப்பாணையில் ஆறாம் பத்தியின் கேள்வியையும் எழுதி, தபாலில் அனுப்பாமல் ஆள் மூலம் கொடுத்தனுப்பக் கோருகிறேன். பகலில் கதவைத் திறப்பவர் அவர்தான். அவரே கையெழுத்திட்டு வாங்கிப் பிரித்துப் படிக்கட்டும். தாம் பொய்யர் இல்லை என்பது அரசு முத்திரையுடன் அவருக்குத் தெரியட்டும். நான் யார் என்பதும் அதே தாளில் தெரியட்டும். அதன் பின் அந்த வீட்டில் எனக்கு இடம் இல்லை என்று அவர் சொன்னாலும், தாங்கள் குறிக்கும் நாளில் நோட்டுடன் வந்து நிற்பேன்.

விரைந்து ஆணையிடுமாறு வேண்டும்,

(கையொப்பம்)
முன்னாள் சுருக்கெழுத்தர்

இடம்: வீடு
நாள்: விசாரணையின் ஒன்பதாம் நாள்

இணைப்பு: பதினேழாம் நோட்டின் மேலட்டை நகல் மட்டும்.