ஒன்றேகால் அங்குலம்

திண்டுக்கல்
டிசம்பர் 9

மாப்பிள்ளை பழனிக்குமாருக்கு,

மச்சான் நூர் அகமது எழுதுவது. மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் ஒன்றரை மணி நேரம்தான், அதற்குப் போய்க் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது பார். மனுப் போட்டு இரண்டு தடவை ஜெயில் வாசலில் வந்து நின்றேன். இரண்டு தடவையும் யாரையும் பார்க்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாய். உடம்பைப் பார்த்துக்கொள். கொடுக்கிற சோற்றைச் சாப்பிடு.

உன் மகள் தமிழ்மதி தாடிக்கொம்பில் உன் அக்கா மணிமேகலை வீட்டில்தான் இருக்கிறாள். அரையாண்டுத் தேர்வுக்குப் படிக்கிறாள். என் வீட்டுக்காரி ஹாஃபிஸா வாரத்துக்கு ஒருநாள் போய்த் தலை பின்னிவிட்டு வருகிறாள். பிள்ளை நன்றாகத்தான் சாப்பிடுகிறாளாம். உன் பேச்சை எடுத்தால் மட்டும் எழுந்து போய்விடுகிறாள். நாள் ஆனால் சரியாகிவிடும்.

சிவனம்மாளுக்குக் காலில் கம்பி வைத்துவிட்டார்கள். அன்றைக்கு ஜீப் கவிழ்ந்தபோது உள்ளே இருந்த மற்ற நான்கு பெண்களும் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள். உன் ஜீப் போலீஸ் ஸ்டேஷனில் வேப்பமரத்தடியில் நிற்கிறது.

எனக்கு உன் மேல் கோபம். வக்கீல் ஜாமீன் தாளை நீட்டினால், கையெழுத்துப் போட மாட்டேன், நான்தான் வேகமாக ஓட்டி என் பெண்டாட்டியைக் கொன்றேன், உள்ளேயே கிடந்து சாகிறேன் என்றாயாம். கூறு கெட்டவனே, எலுமிச்சைத் தோட்டத்து இறக்கத்தில் யாரால் வேகமாக வர முடியும்? பதினான்கு வருஷமாக உன் ஓட்டு எனக்குத் தெரியாதா? நாகஜோதி போய்விட்டாள். மிச்சம் இருப்பது அந்தப் பிள்ளை ஒன்றுதான். எல்லாம் விதி. பழியை அதன் மேல் போட்டுவிட்டுக் கையெழுத்தைப் போடு.

உன் மச்சான்
நூர் அகமது


திண்டுக்கல்
ஜனவரி 5

பழனிக்குமாருக்கு,

போன கடிதத்தில் விதி என்று எழுதினேன். அது பொய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதை முதலில் பிரித்துப் படிக்கிற அதிகாரி ஐயாவுக்கு வணக்கம். ஐயா, பொறுமையாக முழுவதும் படியுங்கள். படித்துவிட்டு அவனிடம் கொடுத்துவிடுங்கள்.

பழனி, ஐப்பசியில் ஜீப்பை என் பட்டறைக்குக் கொண்டுவந்தாய். தோட்டத்துப் பாதையில் இரண்டு சக்கரத் தடத்துக்கும் நடுவே கல் துருத்திக்கொண்டிருக்கிறது, பின் ஆக்சிலின் நடுவில் பானை போல் தொங்கும் ஹவுசிங் ஒவ்வொரு நடையும் அதில் இடிக்கிறது என்றாய். பெரிய டயர் போட்டு வண்டியைத் தூக்கிவிடச் சொன்னாய். நான்தான் மறித்தேன். 'தூக்குனா ஆளோட சாஞ்சுரும் மாப்ள, பொம்பளைக ஏறுற வண்டி' என்று பெரிய மேதாவி மாதிரிப் பேசினேன். வண்டியைத் தூக்க வேண்டாம், ஹவுசிங்கின் அடிவயிற்றை ஒன்றேகால் அங்குலம் அறுத்துவிட்டுக் கனத்த தகடு வைத்து அடைத்துவிடலாம், கல் இடிக்காது, வண்டியும் சாயாது என்றேன். நீ சரி என்றாய். நான் எதைச் சொன்னாலும் சரி என்பவன்தானே நீ.

அது வார்ப்பிரும்பு. வெல்டிங் செய்த சூட்டோடு சட்டென்று ஆறினால் விரிசல் விடும். காய்ந்த சுண்ணாம்புத் தூளில் புதைத்து ஒருநாள் முழுக்க மெல்ல ஆறவிட வேண்டும். நம் ஊரில் சுண்ணாம்புக்குப் பஞ்சமா? என் மைத்துனர் ரஃபீக்கின் தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து மூட்டையாகவே வந்துவிடும். அந்த வாரம் விடாத மழை. அங்கே கூரை ஒழுகி மூட்டை நனைந்திருந்தது. மேலே இருந்ததை வழித்துப் போட்டேன், அடியில் காய்ந்துதான் இருக்கும் என்று ஹவுசிங்கைப் புதைத்தேன்.

உஸ் என்று சத்தம் வந்தது. ஆவி கிளம்பியது. எனக்குக் கேட்டது, பழனி. கேட்கவில்லை என்று இத்தனை நாளாக எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். கேட்டது. என் பட்டறையில் வேறொருவன் அப்படிச் செய்திருந்தால் செவுளில் விட்டிருப்பேன்.

வெல்டிங்கை அறுத்து எடுத்து முதலிலிருந்து செய்ய இரண்டு நாள் ஆகும். அந்த நேரம் பார்த்து நாகஜோதி போன் செய்தாள். 'அண்ணே, நாளைக்கு வண்டி போகலன்னா தோட்டக்காரரு வேற ஆள வச்சுருவாரு, செத்த சீக்கிரமா முடிச்சுக் குடுங்கண்ணே' என்றாள். சரிம்மா, காலையில் எடுத்துக்கொள்ளச் சொல் என்றேன். கண்ணால் ஒரு தடவை பார்த்தேன், விரிசல் தெரியவில்லை. பெயின்ட் அடித்துவிட்டேன். தங்கச்சி கேட்டதற்காகச் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். அவளுக்கு இரும்பைப் பற்றி என்ன தெரியும்? தெரிந்தவன் நான்.

பத்து நாள் கழித்து, வண்டி நிற்கிற இடத்தில் ஆயில் சொட்டுகிறது என்று எனக்குப் போன் செய்தாயே, ஞாபகம் இருக்கிறதா? புது கேஸ்கட், செட் ஆனதும் கசிவு நின்றுவிடும் என்றேன். அப்போது வண்டியை நிறுத்தச் சொல்லியிருந்தால் நாகஜோதி இன்று உயிரோடு இருப்பாள்.

விபத்துச் சேதி கேட்டு ஓடி வந்தபோது நான் முதலில் பார்த்தது உன்னையோ அவளையோ இல்லை. ஜீப் கவிழ்ந்த வாய்க்காலுக்கு நாற்பது அடி முன்னாலேயே கல்லில் ஆயில் சிந்தியிருந்தது, அதைத்தான் பார்த்தேன். பார்த்ததும் புரிந்துவிட்டது. தனக்குக் கூடப் பிறந்தவன் இல்லை என்று நாகஜோதி, தமிழ்மதிக்குக் காது குத்தும்போது தாய்மாமனாக என் மடியில்தானே பிள்ளையை உட்கார வைத்தாள்? அந்த உரிமையில் மறுநாள் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை நான்தான் எடுத்துவந்து அவள் மேல் போட்டேன். எல்லாம் தெரிந்துகொண்டே போட்டேன். போலீஸ்காரர் உன்னை அழைத்துப் போகும் முன் நீ என் கையைப் பிடித்து, 'மச்சான், ஒங்க தங்கச்சிய நானே கொன்னுட்டேன்' என்று அழுதாய். நான் உன் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். அதை நினைத்தால் இந்தக் கையை வெட்டிப் போடலாம் போல இருக்கிறது.

வண்டியைச் சோதிக்க வந்தவர் பிரேக்கைப் பார்த்தார், ஸ்டியரிங்கைப் பார்த்தார், இரண்டும் சரி என்று எழுதிக்கொண்டு போனார். வேகமாக வந்தேன் என்று நீயே சொல்லிவிட்ட பிறகு அவர் ஏன் அடியில் படுத்துப் பார்க்கப் போகிறார்? நான் படுத்துப் பார்த்தேன். போன கடிதத்தைத் தபாலில் போட்ட மறுநாள் ஏட்டிடம் அனுமதி கேட்டு உள்ளே போனேன். நான் வைத்த தகட்டை ஒட்டியே விரிசல் ஓடியிருக்கிறது. ஒரு சாண் நீளத்துக்கு ஆயில் ஏறிக் கறுத்திருக்கிறது, அது பழைய விரிசல். மீதி வெள்ளையாக இருக்கிறது, அது அன்றைக்குப் பிளந்தது. பிளந்ததும் உள்ளே பல்சக்கரம் இறுகிப் பின்சக்கரம் இரண்டும் பூட்டிக்கொண்டன. அதன் பிறகு நீ என்ன செய்திருந்தாலும் அந்தச் சரிவில் வண்டி நின்றிருக்காது. மாட்டுவண்டி வேகத்தில் வந்திருந்தாலும் கவிழ்ந்திருக்கும்.

சிவனம்மாளைப் போய்க் கேட்டேன். 'மொதல்ல அடியில என்னமோ ஒடஞ்ச மாதிரி சத்தம் கேட்டுச்சு பாய், பெறகுதான் வண்டி வழுக்குச்சு. அந்தத் தம்பி மெதுவாத்தான் வந்துச்சு' என்றாள். இதே வேலையை வேறு இரண்டு ஜீப்புக்கும் செய்திருந்தேன். இரண்டையும் வரவழைத்துக் கழற்றிப் பார்த்தேன். அவற்றில் ஒரு கீறல் இல்லை. அவை காய்ந்த சுண்ணாம்பில் ஆறியவை. ஆகவே சந்தேகம் என்று ஒளிந்துகொள்ளவும் எனக்கு இடமில்லை.

ஒரு வக்கீலிடம், யாருக்கோ நடந்த மாதிரி, பெயர் சொல்லாமல் கேட்டேன். அம்புட்டுத்தான் என் வீரம். அந்த ஆள் வாயே திறக்கக் கூடாது, முக்கியமாக ஜெயிலுக்குக் கடிதம் எழுதவே கூடாது, அங்கே பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள் என்றார். அதனால்தான் எழுதுகிறேன். வருகிற திங்கட்கிழமை ஸ்டேஷனுக்குப் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கப் போகிறேன். ஆனால் என்னை எனக்குத் தெரியும். இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தவன் திங்கட்கிழமை காலையில் வேறு மாதிரி நினைக்கலாம். இந்தக் கடிதத்தை அங்கே ஒருவர் படித்துவிட்டால் பிறகு என்னால் பின்வாங்க முடியாது.

ஹாஃபிஸாவிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. 'மொதல்ல புள்ளைட்டச் சொல்லுங்க' என்றாள். நேற்று இருவரும் தாடிக்கொம்புக்குப் போனோம். மணிமேகலையையும் உட்கார வைத்துக்கொண்டு, இங்கே எழுதியதை எல்லாம் தமிழ்மதியிடம் சொன்னேன். குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா வேகமாகப் போகவில்லையா மாமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். இல்லை என்றேன். பிறகு காதில் இருந்த கம்மலைக் கழற்றினாள். காது குத்தின அன்று தாய்மாமன் சீராக நான் போட்ட கம்மல். ஒரு பக்கத்துத் திருகு வர மறுத்தது. நான் உதவிக்குக் கை நீட்டினேன், அவள் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். தானே கழற்றி, இரண்டையும் என் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கிளம்பும்போது மணிமேகலை வாசலுக்கு வந்து சொன்னாள். அப்பாவைப் பார்க்க மதுரைக்கு எப்போது கூட்டிப்போவாய் அத்தை என்று பிள்ளை உள்ளே கேட்கிறாளாம். இரண்டு மாதத்தில் முதல் தடவை உன்னைக் கேட்டிருக்கிறாள். வியாழக்கிழமை மணிமேகலை கூட்டி வருவாள். உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், அன்றைக்காவது வெளியே வந்து முகத்தைக் காட்டு. ஜாமீன் தாளில் கையெழுத்துப் போடு. நீ கொல்லவில்லை. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதுவேன். நீ கொல்லவில்லை.

கடிதத்தின் முடிவில் எப்போதும் உறவைச் சொல்லித்தான் கையெழுத்துப் போடுவேன். இந்தத் தடவை அந்த இடத்தை வெறுமனே விட்டிருக்கிறேன். அதில் என்ன எழுதலாம், எழுதலாமா கூடாதா என்பதை நீதான் சொல்ல வேண்டும்.

நூர் அகமது