மூன்றாம் எண் வால்வு பற்றிய குரல் பதிவுகளை அழிக்கும் முன் கேட்டருளக் கோரும் மனு

அனுப்புநர்:
மொழித் திருத்துநர்,
செய்திப் பிரிவு, இரண்டாம் தளம்.
(வீடு: ஊழியர் குடியிருப்பு, பி பிளாக், கதவு எண் 14)

பெறுநர்:
விசாரணை அலுவலர் அவர்கள்,
தொழிலகப் பாதுகாப்பு அலுவலகம்.

பொருள்: குளிர்பதனக் கிடங்கு விபத்தில் இறந்த வால்வு பணியாளரின் குரல் பதிவுகளை நேரில் கேட்டு, விசாரணை அறிக்கையைத் திருத்துவது தொடர்பாக.

பார்வை: தங்கள் அறிக்கை, ஏப்ரல் 22, பத்தி 9.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மேற்படி ஒன்பதாம் பத்தியில், "இறந்தவர் அமோனியா கசிவைப் பற்றி ஒரே ஒரு முறை, அவசரம் ஏதும் தொனிக்காமல் தெரிவித்துள்ளார், அவரது அலட்சியமே விபத்துக்கு முதன்மைக் காரணம்" என்று கண்டிருக்கிறீர்கள். இறந்தவர் என் கணவர். நீங்கள் படித்த அந்தச் செய்தியைத் தட்டச்சு செய்தவள் நான். இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருப்பதற்கு மன்னிக்கவும். வேறு விதமாக எழுதிப் பார்த்தேன், சரியாக வரவில்லை.

1. எங்கள் வேலை எப்படி நடக்கிறது என்பது அறிக்கையில் இல்லை. கிடங்கில் பல மொழிக்காரர்கள் இருக்கிறார்கள். எல்லோருக்கும் பொதுவானது ஆங்கிலம். அதை அவரவர் வாய்க்கு வந்தபடி பேசுகிறார்கள். பழுது கண்டால் சுவரில் இருக்கும் போனை எடுத்துச் சொல்ல வேண்டும். அந்தக் குரல் பதிவாகி எங்கள் பிரிவுக்கு வரும். நாங்கள் ஒன்பது பேர். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கேட்டதைச் சுத்தமான ஆங்கிலத்தில் அடித்துப் பராமரிப்பு அலுவலருக்கு அனுப்புவோம். அவர் குரலைக் கேட்பதில்லை. தாளைப் படித்து, 'இன்று', 'இந்த வாரம்', 'வசதிப்படும்போது' என்ற மூன்று தட்டுகளில் ஒன்றில் போடுவார்.

2. வருகிற ஆங்கிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாக்கியம் வாலில் தொடங்கித் தலையில் முடியும். ஒரு பொருளின் பெயரைச் சொல்லி, அதை 'அது' என்று சுட்டி, போதாதென்று கடைசியில் பெயரை மறுபடியும் சொல்வார்கள். கெஞ்சலும் அதட்டலும் ஒரே மூச்சில் வரும். எங்கள் பிரிவில் இதற்குக் 'கோணல்' என்று பெயர். கோணலை நிமிர்த்துவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று பிரிவுத் தலைவி சொல்வார். பதினொரு வருடமாக அந்தப் பெருமையில்தான் நான் காலம் தள்ளினேன்.

நிமிர்த்துவதற்குக் கையேடு உண்டு. ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால் ஒரு முறை எழுதினால் போதும். மேலதிகாரிக்கு நாள், நேரம் குறித்துக் கட்டளையிடும் சொற்களை நீக்க வேண்டும். செய்தியைப் பணிவான வேண்டுகோளோடு முடிக்க வேண்டும். கையேட்டின் நான்காம் பக்கத்தை இணைத்திருக்கிறேன்.

3. மார்ச் 8ஆம் தேதி காலை 10.40க்கு எனக்கு வந்த பதிவு இது. கோணலோடு அப்படியே தருகிறேன்:

"நம்பர் த்ரீ வால்வ், இட்ஸ் நாட் குட், தட் வால்வ். நாட் குட், ஐயாம் டெல்லிங் யூ. மென் ஸ்டாண்டிங் தேர், நோபடி கேன் ஸ்டாண்ட். நாட் குட், சார். யூ கம், நோ? டுடே யூ கம்."

தமிழில் சொன்னால், "மூணாம் நம்பர் வால்வு, சரியில்ல அது, அந்த வால்வு. சரியில்ல, சொல்றேன்ல. அங்க ஆளுங்க நிக்கிறாங்க, எவனாலயும் நிக்க முடியல. சரியில்ல சார். வருவீங்கல்ல? இன்னைக்கே வாங்க."

நான் ஆங்கிலத்தில் அடித்து அனுப்பியது, தமிழில்: "மூன்றாம் எண் வால்வில் குறைபாடு காணப்படுகிறது. அப்பகுதியில் பணியாற்றுவது சிரமமாக உள்ளது. தங்களுக்கு வசதியான நேரத்தில் பார்வையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

கையேட்டின்படி இதில் ஒரு பிழையும் இல்லை. அலுவலர் மூன்றாவது தட்டில் போட்டார். அவரையும் நான் குறை சொல்ல மாட்டேன், தாளில் இருந்ததைத்தான் அவர் படித்தார்.

4. கணவரின் குரல் மனைவிக்குத் தெரியாதா என்று தாங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பதிவுகளை நாங்கள் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்போம், இல்லாவிட்டால் நாளுக்கு நூற்றிருபது முடிக்க முடியாது. அந்த வேகத்தில் எல்லா ஆண்களும் ஒரே ஆண்தான். பெயர் வராது, டோக்கன் எண்தான் வரும். அவருடைய டோக்கன் எண்ணை நான் கேட்டு வைத்துக்கொண்டதில்லை. அவர் ஆங்கிலம் பேசி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. வீட்டில் அவர் அதிகம் பேசமாட்டார். சாப்பாட்டில் உப்பு கூடினாலும் "பரவால்ல விடு" என்பதோடு சரி. வேலை எப்படிப் போகிறது என்று கேட்டாலும் அதே பதில்தான்.

5. இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். எங்கள் பிரிவில் அன்றைய நல்ல கோணலை டீ நேரத்தில் ஒருவர் வாசித்துக் காட்டுவது வழக்கம். மார்ச் 8 அன்று வாசித்தது நான். "மென் ஸ்டாண்டிங் தேர், நோபடி கேன் ஸ்டாண்ட்" என்பதை அவர் இழுத்த மாதிரியே இழுத்துச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். "நிக்கிறானாம், நிக்க முடியலையாம்!" என்று பக்கத்து மேசை அக்காவுக்குப் புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன்.

6. மார்ச் 11 காலை ஷிப்டில் அந்த வால்வு பிய்த்துக்கொண்டது. உடன் இருந்த மூவர் வெளியே ஓடிவிட்டார்கள். அவர் மூடுவதற்காக உள்ளே போயிருக்கிறார். அதே கிடங்கில் வேலை செய்யும் என் கொழுந்தனார்தான் வந்து சொன்னார். "அண்ணி, அண்ணன்..." என்றார். நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினேன். அன்று முதல் இன்று வரை நான் அழவில்லை. சொந்தக்காரர்கள் அதைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். மறைப்பதற்கு ஒன்றுமில்லை ஐயா, வரவில்லை, அவ்வளவுதான். பதினாறாம் நாள் முடிந்து வேலைக்குப் போய் நூற்றிருபது முடித்தேன்.

விசாரணையில் தாங்கள் அந்தச் செய்தியைச் சத்தமாக வாசித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. வாக்கியங்கள் என்னுடையவை. 'பணிவுடன்' எங்கே வரும் என்பது, தாங்கள் வாசிப்பதற்கு முன்பே என் வாயில் வந்துவிட்டது. கொழுந்தனார் என்னைத் திரும்பிப் பார்த்து, "அண்ணன் இப்படியெல்லாம் பேச மாட்டாரே அண்ணி" என்றார். அதை அடித்தது நான்தான் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை. இந்த மனுவின் நகலை அவருக்கும் கொடுக்கப் போகிறேன்.

7. 'ஒரே ஒரு முறை' என்பதும் தவறு. மார்ச் 9, 10 தேதிகளில் அதே டோக்கனிலிருந்து மேலும் இரண்டு பதிவுகள் வந்துள்ளன. ஒரே டோக்கனிலிருந்து அதே போனில் மறுபடி பதிவு வந்தால், அதே பழுதாகக் கொண்டு 'நகல்' என்று குறியிட்டு, கேட்காமலே ஒதுக்கிவைப்பது எங்கள் வழக்கம். அந்த இரண்டையும் ஒதுக்கியது யார் என்பது பட்டியலில் இல்லை, நானாகவும் இருக்கலாம். அவற்றில் அவர் என்ன சொல்லியிருக்கிறார் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அறுபது நாள் ஆன பதிவுகள் தானாகவே அழிந்துவிடும். முதல் பதிவு மே 7 அன்று போய்விடும், மற்ற இரண்டும் அடுத்தடுத்த நாட்களில்.

ஆகவே ஐயா, மே 7க்கு முன் இம்மூன்று பதிவுகளையும் தாங்கள் காதால் கேட்க வேண்டும். அவற்றை அழிக்காமல் கோப்பில் சேர்க்க வேண்டும். நான் எழுதிய தாளை ஆதாரமாகக் கொள்ளாமல் ஒன்பதாம் பத்தியை மாற்றி எழுத வேண்டும். கேட்கும்போது கொழுந்தனாரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு அந்தப் பேச்சு புரியும். என்னை அழைக்க வேண்டாம்.

இன்னும் ஒன்று. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் 'பொறுப்பாளர்' என்ற கட்டத்தில் என் கணவரின் டோக்கன் எண் இருக்கிறது. அதை எடுத்துவிடும்படி தங்கள் அலுவலக எழுத்தரிடம் கேட்டேன். "கட்டத்தை காலியா விட முடியாதும்மா, யாரையாவது எழுதியே ஆகணும்" என்றார். என் ஊழியர் எண் 2118. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
(ஒப்பம்)
மொழித் திருத்துநர்

நாள்: ஏப்ரல் 28
இடம்: செய்திப் பிரிவு

இணைப்பு: கையேடு, பக்கம் 4, மார்ச் 8 செய்தியின் தட்டச்சுப் படி, மார்ச் 9, 10 'நகல்' பட்டியல்.
நகல்: கொழுந்தனார், குளிர்பதனக் கிடங்கு, காலை ஷிப்ட்.