இருபத்து மூன்றாவது தோம்பு

நவம்பர் 4, செவ்வாய்

மத்தியானம் வரை கொளுத்தும் வெயில். இரண்டு மணிக்கு அடைமழை. சிம்பாங் பூலாய் தாண்டி, பழைய ரப்பர் தோட்டத்து மருந்து ஸ்டோர் இருந்த இடம். ஒன்பதாம் நாள். தோட்டத்தை மூடியபோது மிஞ்சிய பூச்சிமருந்தைக் குழி வெட்டிப் புதைத்திருக்கிறார்கள். அதைத் தோண்டி எடுப்பது எங்கள் வேலை. மண்வாரி இயந்திரத்தில் குணா. ஒவ்வொரு இரும்புத் தோம்புக்கும், அதாவது மருந்துப் பீப்பாய்க்கும், எண் போட்டுப் பதிவேட்டில் கையெழுத்திடுவது நான்.

இன்று நான்கு. மூன்று துருப்பிடித்து ஒழுகல். ஒன்று மட்டும் பெயிண்ட்கூடப் போகவில்லை. காலி. அடியில் மஞ்சள் கசடு. வெள்ளை பெயிண்டில் 23 என்று எழுதினேன்.

அந்த வாடை. முகமூடியை மீறி வருகிறதா, நானே நினைத்துக்கொள்கிறேனா?

மழையில் எல்லாரும் ஓட்டம். தோம்புகளை அடுக்கும் கொட்டகைக்குள் போய் எண்ணிவிட்டுத்தான் பூட்ட வேண்டும். போகவில்லை. வேனில் உட்கார்ந்தே “23, சரி” என்று எழுதிக் கையெழுத்து. அந்த வாடைக்குப் பயம். வேறு காரணம் கிடையாது.

வாங்க வேண்டியது: சோப்பு, மகளுக்குக் கணக்கு நோட்டு.

நவம்பர் 6, வியாழன்

தூறல். லோரி வருவதற்குமுன் சூப்பர்வைசர் என்சிக் ரஸ்லான் தானே எண்ணிப் பார்த்தார். 22.

“ஸ்டெல்லா, நீ எண்ணினாயா?” என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்றேன். வாய் தானாகச் சொன்னது.

குணா ஓரமாகக் கூப்பிட்டான். “அக்கா, அந்தக் காலித் தோம்ப வேலிகிட்ட வச்சேன். மழைல உள்ள தூக்கல. நீங்க எண்ணுறப்ப பாத்துருப்பீங்கன்னு நெனச்சேன் லா.”

வேலிக் கம்பி வளைந்து கிடக்கிறது. ஈரப்புல்லில் உருட்டிய தடம், பழைய தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகள் பக்கமாக.

பழைய இரும்பு பொறுக்குகிறவன் எடுத்திருப்பான் என்று ரஸ்லான் போலீசில் புகார் கொடுக்கப் போய்விட்டார். குணா சொன்னதையும், நான் எண்ணாததையும் அவரிடம் சொல்லவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

தலைவலி. லயத்தில் இன்னும் ஐந்து குடும்பம். வீடு வீடாகப் போனேன். யாரும் பார்க்கவில்லையாம். எங்கள் சிற்றாலயத்து மரியதாஸ் அண்ணன் வீடு மட்டும் பூட்டியிருந்தது.

அந்தத் தோம்பில் மழைத்தண்ணீர் பிடித்திருப்பார்களோ. பிள்ளைகளைக் குளிப்பாட்டியிருப்பார்களோ. வீட்டுக்கு வந்து மூன்று முறை கை கழுவினேன்.

சோப்பு வாங்க மறந்துவிட்டேன்.

நவம்பர் 8, சனி

மழை இல்லை. நாளைக்கு எங்கள் சிற்றாலயத்தில் திருவிழா. சாயங்காலம் ஐந்து மணிக்கு வெங்காயம் உரிக்கப் போனேன்.

பின்பக்கம் புது அடுப்பு. தோம்பை நெடுக்காக இரண்டாக வெட்டிக் கால் வைத்திருக்கிறது, கோழி சுட. ஒரு பாதியில் 2. மறு பாதியில் 3. என் எழுத்து.

மரியதாஸ் அண்ணன் படிக்கட்டில், முகமெல்லாம் வேர்வை. “நல்ல தோம்பும்மா. சும்மாதான கெடந்துச்சு. வெறகு போட்டு நல்லா கொளுத்திட்டேன், வாடை போவணும்ல. அதுலேருந்துதான் குமட்டுது.”

கத்தினேன். யாரும் கிட்டே போகாதீர்கள், கோழியைக் கொட்டுங்கள் என்று. ஊறவைத்த கோழியைக் கொட்டச் சொன்னதற்கு என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தார்கள். அதற்குள் அண்ணனுடைய கை வெட்டி வெட்டி இழுத்தது. அப்படியே சாய்ந்தார்.

ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி. எந்த விஷம் என்று தெரிய வேண்டும் என்றார் டாக்டர். அண்ணன் மனைவி லூர்து அக்கா, “பழைய இரும்புக் கடைல வாங்குனாரு” என்றார். என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். “சொல்லிறாத ஸ்டெல்லா. திருட்டு கேஸாயிரும்.”

எனக்கும் அதுதான் வசதி. எழுதவே வெட்கம். நாற்காலியில் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவருக்கு மறுபடி வலிப்பு.

ரஸ்லானைப் போனில் கூப்பிட்டேன். “நான் எண்ணவே இல்லை. பொய்க் கையெழுத்து. தோம்பு இங்கே இருக்கிறது. மருந்தின் பெயர் வேண்டும், உடனே.”

அவர் போனை வைத்தார். பிறகு அந்தக் குழியின் ஆய்வறிக்கையை அனுப்பினார். போனை அப்படியே டாக்டரிடம் நீட்டினேன். லூர்து அக்கா என் கையை விட்டுவிட்டார்.

நவம்பர் 10, திங்கள்

திருவிழா நடக்கவில்லை. முழுப் பாதுகாப்பு உடுப்பு போட்ட ஆட்கள் வந்து அடுப்பு, சாம்பல், அடிமண் எல்லாம் அள்ளிக்கொண்டு போனார்களாம். புகைக்குப் பக்கத்தில் நின்ற ஆறு பேருக்கும் ரத்தப் பரிசோதனை. எனக்கும்.

விசாரணை முடியும்வரை நான் வேலைக்கு வரக்கூடாது. புதன் காலை எங்கள் கம்பெனியின் ஜெலாப்பாங் ஆபீசில் ஆஜராக வேண்டும்.

மகள், “அம்மா, நீங்க செத்துருவீங்களா?” என்றாள். இல்லை என்றேன். அதுவும் எண்ணிப் பார்க்காமல் சொன்னதுதான்.

நவம்பர் 12, புதன்

வெயில். ஆபீசில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேலை இருக்குமா, தெரியாது. ரத்தத்தில் பெரிதாக ஒன்றுமில்லையாம், மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். அந்த “பெரிதாக” என்ற சொல் போகமாட்டேன் என்கிறது.

அங்கிருந்து ஆஸ்பத்திரி. மரியதாஸ் அண்ணன் பிழைத்துக்கொண்டார். எழுந்து உட்கார்கிறார். தோம்பை எடுத்தது தான்தான் என்று போலீசிடம் அவரே சொல்லிவிட்டாராம்.

லூர்து அக்கா வெளியே பெஞ்சில். நான்கு நாளாக என்னிடம் பேச்சில்லை. தள்ளி உட்கார்ந்தேன். சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தவர், என்னைப் பார்க்காமலே பேசினார்.

“நீ சொல்லலன்னா செத்துருப்பாரு. நீ சொன்னதுல ஜெயிலுக்குப் போவாரோ என்னமோ. ஒன்கிட்ட நான் என்னத்தப் பேச?”

பாதிச் சோற்றை என் பக்கம் தள்ளினார். கை கழுவக் குழாய் எங்கே என்று தேடிக்கொண்டு போனேன்.