அரை மணி முந்திய மழை

என் தம்பி மகளுக்குப் பதினாறு வயது. நேற்று மாலை சாப்பாட்டு மேசையில் ஒரு படிவத்தைப் பரப்பி வைத்திருந்தாள். பிரிண்டரிலிருந்து அப்போதுதான் உருவிய தாள். மை வாசம்கூடப் போகவில்லை. வருஷக் கடைசி விடுமுறையில் பல்கலைக்கழகம் ஒன்று நடத்தும் அறிவியல் முகாமுக்கான விண்ணப்பம் அது. பேனா மூடியைக் கடித்தபடி, "அத்தை, எனக்கு சான்ஸ் எவ்ளோ இருக்கும்?" என்று கேட்டாள். நான் எழுந்துபோய் அடுப்பை அணைத்தேன். அடுப்பு எரியவே இல்லை.

உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த நாளிலிருந்தே உனக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். வருஷம் ஒன்று ஓடிவிட்டது. தள்ளிப் போடுவதில் நான் எப்படிப்பட்டவள் என்பது உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதே கேள்வியைத்தான் நீயும் கேட்டாய், நாம் பதினாறு வயதில், நாலாம் படிவ வகுப்பில் ஒன்றாகப் படித்தபோது. கேட்டதோடு விட்டாயா? கிராஃப் தாளின் பின்பக்கம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாய். நாடு முழுவதிலிருந்தும் முப்பது பேரைத்தான் எடுப்பார்கள். மூன்று வாரம் பல்கலைக்கழக விடுதியில் தங்கி, நிஜமான ஆய்வுக்கூடத்தில், நிஜமான கம்ப்யூட்டரில் வேலை செய்யலாம். நாம் அதுவரை கம்ப்யூட்டரைப் படத்தில்தான் பார்த்திருந்தோம். "மூவாயிரம் பேர் அப்ளை பண்ணா நூத்துல ஒண்ணு. ஆனா நான் ஒரே ஒரு ஆள் தானே? நூத்துல ஒரு பங்கா போக முடியும்? போனா முழுசா போவேன், இல்லன்னா முழுசா போகமாட்டேன். அப்ப சான்ஸுன்னா என்ன டி?" என்றாய். "போய்ப் படிலா" என்றேன். உனக்கு எதையும் ஒரு கேள்வியோடு விடத் தெரியாது.

படிவத்தில் மதிப்பெண்களும் தலைமையாசிரியையின் கையெழுத்தும் போக, இன்னொன்றும் கேட்டிருந்தார்கள். நீயே கண்டுபிடித்த ஒரு கேள்வி, அதற்கு விடை தேடிய விதம், இரண்டு பக்கம். நம் கேள்வி உங்கள் வீட்டுக் கொடிக்கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் உங்கள் வீடு. இரண்டு தெரு தள்ளி, அப்பாவின் துணிக்கடைக்கு மேலே எங்கள் வீடு. மத்தியானம் வானம் இருட்டினால் என் அம்மா மேற்கே பார்ப்பார். "கிள்ளான் பக்கம் கறுத்துருச்சு, துணிய எடு" என்பார். ரயிலில் கார்டாக இருந்த உன் அப்பா கிழக்கே மலையைப் பார்ப்பார். "மழை மலையிலேர்ந்துதாம்மா இறங்குது. இருபது வருஷமா ரயில்லேர்ந்து பாக்குறேன்" என்பார். இரண்டு பேரும் சத்தியம் பண்ணாத குறை. மழை கடலிலிருந்து நம் ஊருக்கு வருகிறதா, நம் ஊரிலிருந்து கடலுக்குப் போகிறதா? யாராவது கடிகாரத்தைப் பார்த்து எழுதி வைத்தார்களா என்று கேட்டாய். ஒருவரும் இல்லை. உன் கண் பளிச்சென்றது.

மூன்று இடத்தில் ஆள் பிடித்தோம். மேற்கே, கடலோரக் கிள்ளானில் என் மாமா. அவருக்கு மளிகைக் கடை, வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பவர். நடுவில் சுங்கை வேயில் உன் அத்தை. மழைக்கு முன் துணி எடுப்பதைத் தவமாகச் செய்தவர். பிரிக்பீல்ட்ஸுக்கு நாம். முதல் துளி விழுந்த நேரத்தை நாள்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்னால் எழுத வேண்டும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் நீ ஆராதனை முடிந்து சுங்கை வேக்குப் போவாய், நான் பஸ் பிடித்துக் கிள்ளானுக்குப் போவேன். மாமா தாள்களை ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருப்பார். "மழைக்கு அட்டெண்டன்ஸ் எடுக்குற வேலை எனக்கு" என்று கடைக்கு வருகிறவர்களிடம் பெருமை வேறு.

ஏப்ரலிலும் மேயிலுமாக முப்பத்தாறு மழை சேர்ந்தது. ஏறக்குறைய எல்லா நாளிலும் கிள்ளானில்தான் முதலில் பெய்திருந்தது. என் அம்மா ஜெயித்துவிட்டார். ஆனால் பெரும்பாலான நாட்களில் ஒரு சின்ன இடைஞ்சல். கிள்ளானுக்கு அடுத்து மழை நம் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்துவிட்டு, அதன்பிறகுதான் சுங்கை வேயில் பெய்திருந்தது. வழியில் இருக்கும் ஊரைத் தாண்டி வந்து, பிறகு திரும்பிப் போயிருக்கிறது! மேகம் இரண்டாகப் பிரிந்து வருகிறது என்று நான்தான் ஒரு விளக்கம் சொன்னேன். நீ படம் வரைந்தாய், அம்புக்குறியெல்லாம் போட்டு. ஆனால் வரையும்போது உன் முகம் திருப்தியாக இல்லை.

ஒரு பள்ளியிலிருந்து ஒரு பெயர்தான் அனுப்பலாம். மழைக் கேள்வியை நீ எழுதிக் கொடுத்தாய். நான் அவரைக்காய் விதை முளைப்பதை வைத்துச் செய்த சோதனை ஒன்றைத் தனியாக எழுதிக் கொடுத்திருந்தேன். இயற்பியல் மிஸ் உன்னைத் தேர்ந்தெடுத்தார். எனக்கு மாற்று இடம். உன் விண்ணப்பத்தில் ஏதாவது கோளாறு என்றால்தான் என்னுடையது போகும். "கங்ராட்ஸ் டி" என்று உன்னைக் கட்டிப்பிடித்தேன். அன்று வீட்டுக்கு வந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். கிள்ளானுக்கு அலைந்தது யார், மாமா யாருடைய மாமா என்று என்னையே கேட்டுக் கேட்டு அழுதேன்.

அந்தச் சனிக்கிழமை மாமா வீட்டில் அவர் பேத்திக்குக் காதுகுத்து. வீடு என்பது மளிகைக் கடையின் பின்கட்டுதான். குழந்தைக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசியாகிவிட்டது. ஆசாரி ஊசியோடு தயார். என் கைக்கடிகாரத்தில் பத்தே முக்கால். சனிக்கிழமை ராகுகாலம் பத்தரைக்கு முடிந்துவிடும், ஆனாலும் மாமா அசையவில்லை. "இரும்மா, இன்னும் கால் மணி இருக்கு" என்று சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த கடிகாரத்தைக் காட்டினார். அதில் பத்தேகால்.

"மாமா, உங்க கடிகாரம் ஸ்லோ."

"ஸ்லோ இல்ல, பழைய நேரம். கவர்மெண்டு அரை மணி தள்ளி வைன்னா நம்ம தள்ளி வைக்கலாம், சூரியன் தள்ளி வைக்குமா? ராகுகாலம் பாக்குற கடிகாரத்த நான் தொடவே இல்ல. பேங்குக்குப் போகத்தான் கைல இது" என்று தன் கைக்கடிகாரத்தை ஆட்டிக் காட்டினார்.

எண்பத்திரண்டாம் வருஷம் பிறந்தபோது, அரசாங்க உத்தரவுப்படி நாடு முழுக்க நாம் எல்லோரும் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளினோமே, உனக்கு நினைவிருக்கும். அதன்பிறகு ஒன்றரை வருஷமாக அந்தச் சுவரில் மட்டும் பழைய நேரம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. "மழை நேரத்தை எதைப் பாத்து எழுதுனீங்க?" என்று கேட்டேன். "இதப் பாத்துதான். கல்லாவுலேர்ந்து நேரா தெரியுதே!" என்றார்.

கிள்ளானில் மழை முந்திப் பெய்யவில்லை. கடிகாரம்தான் பிந்தி ஓடியது. குழந்தை வீல் என்று கத்தியது, எல்லோரும் கைதட்டினார்கள், நான் பாயசத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வியாழக்கிழமை மதியம் படிவம் தலைமையாசிரியை கைக்குப் போயாக வேண்டும். உன் வீட்டில் போன் இல்லை, ஆனால் இரண்டு தெரு நடந்தால் உன் வீடு.

நான் நடக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமையும் நடக்கவில்லை. திங்கள், செவ்வாய், வகுப்பில் உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். என்ன நினைத்தேன் என்று ஒளிக்காமல் சொல்கிறேன். கடைசி நிமிஷத்தில் மிஸ்ஸிடம் போய்ச் சொன்னால் உன்னுடையது நின்றுவிடும், என் அவரை விதை போகும். ஒரு மணி நேரம் இப்படி நினைப்பேன். அடுத்த மணி நேரம், சொல்லாமலே விட்டால் யாருக்குத் தெரியப் போகிறது, அவள் சந்தோஷமாகப் போகட்டும் என்று பெரிய மனசுக்காரியாக வேஷம் போடுவேன். இரண்டுமே அயோக்கியத்தனம். எனக்கு அது தெரிந்தே இருந்தது.

புதன்கிழமை பள்ளி விட்டதும் நீ டைப் அடித்த பக்கங்களைத் தூக்கிக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தாய். துணிக்கட்டுகள் மேல் ஏறி உட்கார்ந்தாய். பக்கங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "எனக்குத் தூக்கமே வரல டி. அந்த மழை ஏன் எங்க அத்தை வீட்டைத் தாண்டி வந்துட்டு மறுபடி திரும்பிப் போகுது? வழி தெரியாத மழையா? மேகம் ரெண்டா பிரியுதுன்னு நம்ம சும்மா எழுதிட்டோம். எனக்கு அதுல நம்பிக்கையே இல்ல. உனக்கு இருக்கா?" என்று என் முகத்தைப் பார்த்தாய். நாளைக்கு அனுப்ப வேண்டிய படிவத்தைப் பற்றி உனக்குக் கவலை இல்லை. மழை எந்த வழியாகப் போகிறது என்றுதான் உனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அந்தக் கேள்விக்கு முன்னால் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"மாமா கடிகாரம் பழைய நேரம் டி" என்றேன்.

நீ திகைத்தாய். "அலாமாக்!" என்று கத்தினாய். அடுத்து வந்தது சிரிப்பு. துணிக்கட்டு சரிந்து விழுகிற அளவுக்குச் சிரித்தாய். "ராகுகாலமா? ராகுகாலத்துக்காகவா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே பென்சிலை எடுத்தாய். கிள்ளான் வரிசை முழுவதற்கும் அரை மணி கூட்டினாய். பாதி வரிசை தாண்டும்போதே சத்தம் அடங்கிவிட்டது. பிரிக்பீல்ட்ஸ், சுங்கை வே, கிள்ளான். பிரிக்பீல்ட்ஸ், சுங்கை வே, கிள்ளான். ஒழுங்காக, ஒரே வழியில், மலையிலிருந்து கடலுக்கு. "அப்பா சொன்னது சரி டி! அது எப்பவுமே திரும்பிப் போகல. நேராத்தான் போயிருக்கு" என்று மெதுவாகச் சொன்னாய். அவ்வளவு அழகான முகத்தை நான் அதற்குப் பிறகு அதிகம் பார்த்ததில்லை.

எனக்கு எப்போது தெரிந்தது என்று நீ கேட்கவே இல்லை.

மறுநாள் காலை மிஸ், எண்களைச் சத்தமில்லாமல் திருத்திவிடு, கடிகாரக் கதை எதற்கு என்றார். நீ கேட்கவில்லை. தப்பு, தப்பு வந்த விதம், திருத்தியபின் தெரிந்தது எல்லாவற்றையும் எழுதினாய். டைப் அடிக்க நேரமில்லாமல் கையால் எழுதினாய், வரைபடம் அவசரத்தில் கோணலாகப் போயிற்று. நாலு நாள் முன்னால் தெரிந்திருந்தால் முப்பத்தாறு நாளுக்கும் தனித்தனியாகப் படம் போட்டிருப்பாய். அந்த ஆசையை அன்றைக்கே சொன்னாய், "டைம் மட்டும் இருந்திருந்தா..." என்று.

நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். உன் அப்பாவும் நானும் வெளியே மரத்தடியில் நின்றோம். அரை மணி கழித்து வந்தாய். கேண்டீனில் ஐஸ் மைலோவை உறிஞ்சிக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னாய்.

"கடிகாரம் தப்புன்னு யார் கண்டுபிடிச்சான்னு கேட்டாங்க டி. என் ஃபிரெண்டுன்னு சொன்னேன். அப்ப நீ என்ன பண்ணேன்னு கேட்டார் ஒருத்தர், கண்ணாடி போட்டவர். நான் அவள நம்புனேன் சார்னு சொன்னேன். ரெண்டு மாசம் பண்ணதெல்லாம் தப்புன்னு சொல்றா, ஒரு நிமிஷம்கூட யோசிக்கல, நம்புனேன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. இன்னொன்னும் சொன்னேன். அவளும் தெரிஞ்ச உடனே சொன்னா சார், என்கிட்ட சொல்லாம மிஸ்கிட்ட சொல்லியிருந்தா அவ பேர்தான் போயிருக்கும்னு. சரிதானே டி?"

நான் தலையாட்டினேன். உன் அப்பா என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

பட்டியலில் உன் பெயர் முப்பதில் வரவில்லை. காத்திருப்போரில் முதல் பெயர். "நாட்டுலயே முப்பத்தோராவது ஆள் டி நான்!" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனாய். முகாம் தொடங்கும் நாள்வரை பையைக் கட்டி வாசலில் வைத்திருந்தாய் என்று உன் அம்மா பிறகு சொன்னார். ஒருவரும் விலகவில்லை. அடுத்த வாரம் பையைப் பிரித்துவிட்டு, "அந்த முப்பது பேரும் என்ன கேள்வி கேட்டிருப்பாங்க? அத மட்டும் தெரிஞ்சா போதும்" என்றாய். உனக்கு நிஜமாகவே அதுதான் தெரிய வேண்டியிருந்தது. எனக்குத் தெரிய வேண்டியது வேறு. ஒரே ஓர் இடம். கோணாத வரைபடமும் டைப் அடித்த தாளும் உன்னை ஓர் இடம் ஏற்றியிருக்காதா? அதை யாரிடமும் கேட்க முடியாது. கேட்டாலும் இரண்டாம் தடவை நடத்திப் பார்க்க முடியாது.

நீ ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் ரத்தம் பரிசோதிக்கும் வேலைக்குப் போனாய், முப்பது வருஷம் அதிலேயே இருந்தாய், அதையும் ரசித்துச் செய்தாய். கடைசி மாதத்தில் உன் ரத்தத்தையே யாரோ பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள். ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் படித்து, "இந்த நம்பர் ஏன் இப்படித் திரும்புது?" என்று நர்ஸைப் படுத்தினாய். நான் உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தேன். சொல்ல வேண்டும் என்று போனேன், ஆரஞ்சு உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்று தடவை.

இப்போது நான் மருந்தகம் வைத்திருக்கிறேன். மருந்துச் சீட்டில் ஓர் அளவு சரியில்லை என்று தோன்றினால், கையிலிருப்பதை அப்படியே போட்டுவிட்டு டாக்டருக்குப் போன் அடிப்பேன். சாப்பாட்டு வேளை, விடுமுறை ஒன்றும் பார்ப்பதில்லை. "மேடத்துக்கு ரெண்டு நிமிஷம் பொறுக்காதுலா" என்று கடைப் பெண்கள் என் முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறார்கள். போன வாரம் ஒரு டாக்டர் போனிலேயே, "தெரிஞ்ச உடனே சொன்னீங்க, ரொம்ப நன்றிங்க" என்றார். என் முகம் சுட்டது. அன்று கேண்டீனில் உன்னிடமிருந்து நான் வாங்கிக்கொண்ட பொய்ப் பெருமை அது.

சனிக்கிழமையே எனக்குத் தெரியும் டி. புதன்கிழமைதான் சொன்னேன்.